இரட்டைச் சைபர்

ஷப்பீர் பாய் பிளேடை டஜன் கணக்கில்தான் தருவார்,
கீரைக்கட்டு போல மெல்லிய கம்பி சுற்றி.
எஸ்.பி. ரோட்டில் மழை. கடைக்குள் கிரீஸ் வாசனை.
என்ன மரம் என்றார்.
ஈட்டி, மூன்று மில்லி.
என்ன வேலை?
எழுத்து. மேலே கன்னடம், கீழே தமிழ்.
அப்படியானால் மூன்றாம் நம்பர் என்றார்,
விலையைச் சொல்லாமல்.

பகலில் சிவாஜிநகர் லேபில்
முகம் தெரியாதவர்களின் கடைவாய்க்குப் பல் செய்கிறேன்.
இரவில் அலசூர் பால்கனியில்
ஸ்க்ரோல் ரம்பத்துக்குப் பல் தேடுகிறேன்.
இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்:
எது கடிக்கும், எது கருக்கும்.

மூன்று பல்லாவது எப்போதும் மரத்துக்குள் இருக்கவேண்டும்.
ஒற்றைப் பல் கடித்தால் பலகை துள்ளும்.
அடர்ந்த பல்லென்றால் தூள் வெளியே வர வழியில்லை,
ஈட்டி தீய்ந்து காப்பிக்கொட்டை மணம் வரும்.
முனையில் ஆணி வைத்த பிளேடு வேண்டவே வேண்டாம்.
அது நுழையப் பட்டாணி அளவு ஓட்டை கேட்கும்.
ஞானசௌந்தரியில் பட்டாணிக்கு ஏது இடம்?

ஹொரமாவு ஃப்ளாட், நான்காம் மாடி.
தேவசகாயம்தான் ஆர்டர் கொடுத்தார்,
மனைவி பெயர் முதலில், தன் பெயர் அடுத்து,
இரு மொழியும் ஒரே உயரம்.

செவ்வாய்க்கிழமை போன் செய்தார்.
தமிழைக் கொஞ்சம் சின்னதாக்குங்களேன்.
மூன்றாம் நம்பரைக் கழற்றி ஒன்றாம் நம்பர் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி.
இன்னும் கொஞ்சம்.
யாராவது ஏதாவது சொன்னார்களா சார்?
சேச்சே. எதிர்வீட்டு வீணா
போன வாரம்கூட ஒப்பட்டு கொடுத்தாங்க.
யாரும் ஒண்ணும் சொல்லலை.
சொல்றதுக்கு முன்னாடியே...
அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
அளவை மட்டும் சொன்னார்: எட்டு மில்லி.

எட்டு மில்லி உயரத்துக்கு இரட்டைச் சைபர்.
தலைமயிரோடு சேர்ந்து கீழே விழுந்தால்
எது எதுவென்று விரலுக்குத்தான் தெரியும்.
கீழ்க்கோடியில் நாலு பல் மட்டும் மேலே பார்க்கும்,
அடிப்பக்கத்துச் சிம்பை அவைதான் வழித்தெடுக்கும்.
இழுத்துக் கட்டி நகத்தால் தட்டினேன்.
தொய்ந்தால் 'தப்'. சரியென்றால் கொசு.

முதலில் எழுத்தே இல்லை, துளைகள்தான்.
ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பிளேடு இறங்க ஒரு துளை.
அன்றிரவு பலகை நிறையப் புள்ளிகள்,
மெய்யே இல்லாமல்.
'ந்'தின் புள்ளிக்கு மட்டும் பிறகு வேலை இல்லை,
துளைத்ததோடு அது முடிந்தது.

கன்னட ஞா பெரியது, காலடியில் ஒரு குட்டி எழுத்து,
ஐந்தாம் நம்பர் அதைச் சோம்பேறியாய்ச் சுற்றிவந்தது.
தமிழ் 'சௌ'வில் கொம்பின் சுழியில் உடைந்தது முதல் பிளேடு.
அதே சுழியில் இரண்டாவது.
சுழிக்குள் இருக்கும் மரம் எதையும் பற்றாது நிற்கும்,
ஒரு மயிரிழைப் பாலம் விடாவிட்டால் உதிர்ந்துவிடும்.
ஆறாவது. ஏழாவது.

எல்லாப் பிளேடும் வலப்பக்கம் இழுக்கும்.
அச்சில் அடித்தபோது ஒரு விளிம்பில் தங்கிய பிசிறு அது.
கோணலாய்த் தள்ளினால்தான் நேராய்ப் போகும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை,
இரண்டு வருஷம் கோணலாய் வெட்டிக் கண்டுபிடித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து இருவரும் வந்தார்கள்.
அவர் கை நீட்டி எட்டப் பிடித்துக் கன்னடத்தை வாசித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கருகே கொண்டுவந்து தமிழை வாசித்தார்.
நல்லாயிருக்கு என்றார், யாரிடமென்று தெரியவில்லை.

அம்மாள் பலகையைப் பார்க்கவே இல்லை.
மேசைத் தூளில் எதையோ துழாவினார்.
வெட்டி விழுந்த எழுத்துகள்,
உளுந்து அளவு, முழுசாய்.
ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு
ஒரு ஞாவை ஒற்றி எடுத்தார்.
இதுக்குத் தனியா காசா?
இல்லைம்மா.
பஸ் டிக்கெட்டில் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

உடைந்த ஒன்பது பிளேடைப் பில்லில் எழுதியிருந்தேன்.
அவர் அந்த வரியில் விரல் வைத்தார்,
ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்.